முழங்கால் படத்தில் ஒன்றுமில்லை என்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு மகன் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான்

குடமுருட்டிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வலங்கைமானுக்கு அருகில் ஒரு கிராமம் எங்களுடையது. நான் நாயனம் வாசிப்பவன். மூத்த மகனுக்கு 17 வயது, தவில் வாசிக்கிறான். ஏழு வயதில் என் மைத்துனரிடம் பாடத்துக்கு உட்கார்ந்தவன். அவனுடைய காலைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறேன். நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் எது முக்கியம், எது இல்லை என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பங்குனியில் வலங்கைமான் மாரியம்மன் கோயில் பாடைக்காவடித் திருவிழா முடிந்த வாரம், வலது முழங்கால் வலிக்கிறது என்றான். தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றதால் வந்த வலி என்று நினைத்தோம். சித்திரை, வைகாசி இரண்டும் கல்யாணக் காலம். ஓய்வு கொடுக்க முடியவில்லை. பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றுப் படித்துறையில் இறங்கும்போதுதான் அவன் காலை இழுப்பதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது.

கும்பகோணத்தில் ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். இதுவரை மூன்று முறை முழங்காலை எக்ஸ்ரே எடுத்தாயிற்று. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் முழங்காலுக்கு எடுத்தார்கள். ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., முடக்குவாதப் பரிசோதனை, யூரிக் அமிலம் எல்லாம் சரியாக இருக்கின்றன. "ஒன்றுமில்லை, வளரும் வயது" என்று சொல்லி அனுப்பினார்கள். ஊரில் பெரியவர்கள் சொன்னார்கள் என்று எண்ணெய்க் கட்டு 21 நாள் போட்டோம். கட்டு அவிழ்த்த அன்றும் அதே வலி.

வலி பகலில் அவ்வளவு இல்லை. இரவு ஒன்றரை, இரண்டு மணிக்கு எழுப்பிவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து, தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறான். மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரை ஒன்று போட்டால் அரை மணி நேரத்தில் தூங்கிவிடுகிறான். நோய் என்ன என்று தெரியாமல் ஐந்து மாதமாக மாத்திரை கொடுப்பது எனக்கு அச்சமாக இருக்கிறது.

இன்னும் மூன்று விஷயங்கள். சம்மணமிட்டு உட்கார முடியவில்லை. வலது காலை நீட்டி வைத்துத்தான் வாசிக்கிறான். மேடையில் அது மரியாதைக் குறைவு என்று ஒருவர் சொல்லிவிட்டார். வயல் வரப்பில் நடக்கும்போது வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்புகிறது. தீபாவளிக்குக் காற்சட்டை தைக்கக் கொடுத்தபோது, வலது தொடை இடதை விட ஒரு அங்குலம் சிறுத்திருக்கிறது என்று தையற்காரர் அளவு நாடாவைக் காட்டினார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆவணியில் ஒருநாள் "பாடத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கிறாய்" என்று அவனைக் கடிந்துகொண்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அன்று இரவு வலி வந்தபோது எங்களை எழுப்பவும் இல்லை. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.


பாமணியாறு எழுதியது:

ஐயா, நான் மன்னார்குடிப் பக்கம் பள்ளி ஆசிரியர். என் மகளுக்கும் எட்டு வயதில் இரவில் கால் வலி வந்தது. வளரும் வயது வலி என்றார்கள். ஒரு வருடத்தில் தானே போய்விட்டது. கவலைப்படாதீர்கள். வைட்டமின் டி அளவை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.


அரசலாறு எழுதியது:

வித்வான் அவர்களுக்கு வணக்கம். நான் கும்பகோணத்தான். எக்ஸ்ரே பிரிவில் 34 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்ல, படம் எடுத்தவன். இந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் ஆசிரியர் நண்பருக்கு. உங்கள் மகளுக்கு வந்தது வேறு. வளரும் வயது வலி சிறு பிள்ளைகளுக்கு வருவது. பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும், காலையில் எழுந்தால் பிள்ளை ஓடும். ஒரே காலில், ஒரே பக்கத்தில், எட்டு மாதம் நிற்கிற வலியும் நொண்டலும் தொடை சிறுத்துப்போவதும் அந்தக் கணக்கில் சேராது. தொடை சும்மா சிறுக்காது. அந்தக் காலை அவன் மாதக்கணக்கில் காத்துக் காத்துப் பயன்படுத்தியிருக்கிறான். நடிக்கிற பையனுக்குத் தசை கரையாது. இதை அவனிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். வலி முழங்காலில் என்கிறீர்கள். ஆனால் சம்மணம் வரவில்லை, பாதம் வெளிப்பக்கம் திரும்புகிறது, வலி வரும்போது தொடையைப் பிடிக்கிறான். இவை இடுப்பு மூட்டைக் கைகாட்டுகின்றன. இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்பின் கிளையே தொடையின் உள்பக்கமாக இறங்கி முழங்காலுக்கும் போகிறது. அதனால் இடுப்பு மூட்டில் நோய் இருக்கும்போது முழங்கால் வலிப்பதாகத் தோன்றும். குழந்தைகளிடமும் பதின் வயதினரிடமும் இது அடிக்கடி நடக்கும். மூன்று எக்ஸ்ரே, ஒரு எம்.ஆர்.ஐ. எல்லாம் முழங்காலுக்கே என்கிறீர்கள். இடுப்பை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

வீட்டில் ஒன்றைப் பாருங்கள். அவனை மல்லாந்து படுக்கவைத்து, வலது முழங்காலை மடக்கி, தொடையை நேராக மேலே தூக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் தள்ளுங்கள். அப்போது தொடை எலும்பு இடுப்புக்குள் உள்நோக்கித் திரும்பும். இடது காலில் எவ்வளவு திரும்புகிறது, வலதில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். இழுத்து விடுகிற வேலை வேண்டாம்.

இனி நான் நினைப்பதைச் சொல்கிறேன். பெயர் சற்றுப் பயமுறுத்தும், முழுக்கப் படியுங்கள். ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்று ஓர் எலும்புக் கட்டி உண்டு. புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. 1935-இல் நியூயார்க்கில் ஹென்றி ஜாஃபே என்ற மருத்துவர் இதைத் தனி நோயாகப் பிரித்து எழுதினார். பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வரை உள்ளவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். தொடை எலும்பும் கெண்டைக்கால் எலும்பும் இதற்குப் பிடித்த இடங்கள். கட்டி என்றாலும் அதன் நடுவிலிருக்கும் கரு பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. பல சமயம் ஒரு உளுந்து அளவுதான்.

அந்த உளுந்து ஏன் இப்படித் துன்புறுத்துகிறது என்றால், வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குகிற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அது அளவுக்கு மீறிச் சுரக்கிறது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் வகை மாத்திரைகள் அந்தச் சுரப்பைத்தான் அடைக்கின்றன. அதனால்தான் இரவில் எழுப்புகிற வலி அரை மணியில் அடங்குகிறது. உங்கள் மகன் மாத்திரைக்கு அடிமையாகவில்லை. மாத்திரை கேட்பதே நோயின் அடையாளமாக இருக்கலாம்.

எலும்பின் நடுத்தண்டில் இந்தக் கட்டி வந்தால் சுற்றிலும் எலும்பு தடித்து வெள்ளையாகத் தெரியும், எக்ஸ்ரேயிலேயே பிடித்துவிடலாம். மூட்டுக்குள், குறிப்பாகத் தொடை எலும்பின் கழுத்தில் (இடுப்புக்குள் பொருந்தும் உருண்டைக்குக் கீழே உள்ள குறுகிய பகுதி) வந்தால் அந்தத் தடிப்பு உண்டாகாமல் போகலாம். படம் சுத்தமாகவே தெரியலாம். மூட்டில் நீர் கோக்கும், அசைவு குறையும். மூட்டுவாதம் என்றோ காசநோய் என்றோ எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பவர்கள் உண்டு. எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் எலும்புக்குள் நீர் கோத்திருப்பது பெரிதாகத் தெரிந்து, கரு அதற்குள் மறைந்துபோகலாம். இதற்கு ஏற்றது மெல்லிய துண்டுகளாக எடுக்கும் சி.டி. ஸ்கேன். எனவே மருத்துவரிடம் போகும்போது "முழங்கால் வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு வருகிறது, எந்த மாத்திரை, எவ்வளவு நேரத்தில் கேட்கிறது, சம்மணம், பாதம், தையற்காரர் அளவு.

நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். இரவு வலி எலும்பில் சீழ் வைத்தாலும் வரும்; இதே வயதில் வருகிற எலும்புப் புற்றுநோய்களிலும் வரும். காய்ச்சல், எடை குறைவு, கையால் தொட்டால் தெரிகிற வீக்கம், மாத்திரைக்குக் கேட்காத வலி என்று எது இருந்தாலும் ஒருநாள் கூடத் தள்ளாதீர்கள். அவை இல்லாவிட்டாலும் பொங்கல் கழியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்தி எழுதக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனின் முழங்காலை நானே மூன்று முறை படம் எடுத்தேன். சீட்டில் முழங்கால் என்று இருந்தது, எடுத்தேன். நான்காவது முறை வேறொரு மருத்துவர் இடுப்பு என்று எழுதி அனுப்பினார். அதற்குள் ஒன்றரை ஆண்டு போயிருந்தது. அவன் மேசையில் ஏறும்போது காலை எப்படித் தூக்கி வைத்தான் என்பது என் கண்ணிலேயே இருக்கிறது. நான் பார்த்தேன், கேட்கவில்லை.


முள்ளியாறு எழுதியது:

ஐயா, என் ஊர் திருத்துறைப்பூண்டி. எனக்கு இப்போது 29 வயது. அரசலாறு ஐயா சொன்ன அதே கட்டி எனக்கு 19 வயதில், இடது தொடை எலும்பின் கழுத்தில் இருந்தது. நான் பேசினால் உங்கள் மகனுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

எனக்கும் முழங்கால் வலிதான். கல்லூரி விடுதியில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, மற்றவர்கள் விழிக்காமல் இருக்க வராந்தாவில் நடப்பேன். ஓரிடத்தில் மூட்டுக் காசநோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். நான்கு மாதம் சாப்பிட்டேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, வலி அப்படியே இருந்தது. வீட்டில் ஜாதகம் பார்க்க ஆரம்பித்தார்கள். கால் நொண்டுகிற பெண் என்று வெளியே தெரியக்கூடாது என்பதுதான் அம்மாவுக்குப் பெரிய கவலை. அம்மாவை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊரில் அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு.

கடைசியில் ஒரு மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு வலிக்கிறது?" அதுவரை எங்கே வலிக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அன்றைக்கே சி.டி. எடுக்கச் சொன்னார். 8 மில்லிமீட்டர்.

கத்தி வைத்து எலும்பைத் திறக்கவில்லை. சி.டி. இயந்திரத்திலேயே படுக்கவைத்து, முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மெல்லிய ஊசியைக் கருவுக்குள் செலுத்தினார்கள். ரேடியோ அலையால் ஊசி முனையைச் சுமார் 90 டிகிரிக்குச் சூடாக்கி ஆறு நிமிடம் வைத்தார்கள். அவ்வளவுதான். தொடையில் ஒரே ஒரு தையல். மறுநாள் வீட்டுக்கு வந்தேன். ஊசி போன இடம் இரண்டு நாள் வலித்தது. ஆனால் அந்தப் பழைய வலி, எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்த அந்த வலி, முதல் இரவே வரவில்லை. விடிய விடிய அதற்காகக் காத்துக்கொண்டு விழித்திருந்தேன்.

பத்தில் ஒன்பது பேருக்கு முதல் தடவையிலேயே சரியாகிவிடும், திரும்பி வந்தால் இன்னொரு முறை இதையே செய்யலாம் என்று அன்று சொன்னார்கள். எனக்குத் திரும்பவில்லை. போன ஆண்டு பெண் குழந்தை பிறந்தது.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். வலி வரும்போது அப்பாவையும் அம்மாவையும் எழுப்பச் சொல்லுங்கள். தனியாக விழித்திருப்பது வலியை விடக் கொடுமை.


கொள்ளிடம் எழுதியது:

கட்டி என்று தெரிந்தால் ஊசி வைக்க விடாதீர்கள். ஊசி குத்தினால் பரவும். என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. சாதாரணக் கட்டியாக இருந்தால் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது.


அரசலாறு எழுதியது:

சித்தப்பாவை இழந்த துக்கத்தில் சொல்கிறீர்கள். அதை மதிக்கிறேன். ஆனால் இந்தச் சொல்லைக் கேட்டு ஒருவர் மருத்துவமனை வாசலிலிருந்து திரும்பிவிட்டால் அது பெரிய கேடு. அதனால் நேராகவே மறுக்கிறேன். உள்ளே இருந்த நோய் ஊசி குத்திய பிறகுதான் வெளியே தெரிகிறது. ஊசியால் வந்ததாகத் தோன்றுகிறது. எலும்புக் கட்டியில் ஊசி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதற்கு முறை இருக்கிறது. அறுவை செய்யப்போகிற மருத்துவருடன் கலந்து, அவர் கீறப்போகிற பாதையிலேயே செலுத்துவார்கள். அதனால் இந்த வேலை தெரிந்த இடத்தில் செய்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் உண்மை.

"சாதாரணக் கட்டி, தொடாமல் விடலாம்" என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சிறுவர்களின் எலும்பில் தானாகத் தோன்றித் தானாக மறைகிற கட்டிகள் உண்டு. வேறு காரணத்துக்கு எடுத்த படத்தில் தெரியும், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மூட்டருகே எலும்பு முளைபோல் வளர்வதும் உண்டு. தசையிலோ நரம்பிலோ உரசினால்தான் எடுப்பார்கள். வித்வான் அவர்களின் மகனுக்கு நான் சந்தேகப்படுகிற கட்டி கூட, சிலருக்குச் சில ஆண்டுகளில் தானே அடங்கிவிடுகிறது. ஆனால் அத்தனை ஆண்டு தினமும் வலி மாத்திரை தின்றால் வயிறும் சிறுநீரகமும் தாங்க வேண்டுமே.

ஜெயன்ட் செல் கட்டி என்பது வேறு ரகம். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், பெரும்பாலும் முழங்காலை ஒட்டிய எலும்பு முனையில் வரும். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு நடவு வேலைக்காரப் பெண் வந்தார். சேற்றில் குனிந்து நிற்பதால் வந்த மூட்டு வலி என்று ஒரு வருடம் தைலம் தேய்த்திருக்கிறார். படத்தில் தொடை எலும்பின் கீழ் முனை உள்ளே அரித்து, முட்டை ஓடு போல மெலிந்திருந்தது. வரப்பில் ஒருமுறை வழுக்கியிருந்தால் நொறுங்கியிருக்கும். அதுவும் புற்றுநோய் அல்ல, ஆனால் விட்டுவைத்தால் மூட்டையே தின்றுவிடும். சுரண்டி எடுத்து எலும்பு சிமென்ட் வைத்து அடைத்தார்கள். திரும்பி வரக்கூடிய கட்டி என்பதால் ஆண்டுக்கணக்கில் படம் எடுத்துப் பார்த்தோம். அந்த அம்மா பிறகு நடவுக்குப் போகவில்லை. ஆனால் தன் காலில் நடந்து வந்தார்.


குடமுருட்டிக்கரை எழுதியது (19 நாட்களுக்குப் பிறகு):

ஐயா, நீங்கள் சொன்ன அன்று மாலையே அவனைப் படுக்கவைத்துப் பார்த்தேன். இடது கால் தாராளமாகத் திரும்பியது. வலது கால் இரண்டு விரல்கடை கூட நகரவில்லை, முகம் சுருங்கிவிட்டது. விட்டுவிட்டேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிப்பா" என்று மட்டும் சொன்னான்.

தஞ்சாவூரில் வேறொரு மருத்துவரிடம் போனோம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனேன். தாளை முழுக்கப் படித்துவிட்டு, முழங்காலைத் தொடாமலேயே இடுப்பைத்தான் சோதித்தார். எக்ஸ்ரேயில் சந்தேகமாக ஒரு நிழல், சி.டி.யில் தெளிவாகத் தெரிந்தது. தொடை எலும்பின் கழுத்தில், உள்பக்கம், 7 மில்லிமீட்டர். கறுப்பு வட்டத்தின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. என் மனைவி அந்தப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் வீட்டில் யாரையும் தூங்கவிடாதது இதுதானா என்றாள்.

முள்ளியாறு சகோதரி சொன்ன அதே ஊசிச் சிகிச்சைதான். தை பிறந்ததும் நாள் கொடுத்திருக்கிறார்கள். அதே ஊசி வழியாக முதலில் துளி எலும்பை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு வைத்திருக்கிறோம். அதுவரைக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு போட ஒரு மாத்திரையும், வயிற்றுக்கு இன்னொன்றும் அவரே எழுதிக் கொடுத்தார்.

தவில் தோளில் மாட்டலாமா என்று அவன் கேட்கிறான். மாசியில் ஒரு கோயில் உற்சவம் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.


முள்ளியாறு எழுதியது:

நல்ல செய்தி ஐயா. மறுநாளே நடக்கச் சொல்வார்கள், நடக்கவும் முடியும். ஆனால் தொடை எலும்பின் கழுத்தைச் சுட்டிருப்பதால், ஓடுவது, குதிப்பது, பாரம் தூக்குவது எல்லாம் எனக்கு மூன்று மாதம் கூடாது என்றார்கள். வலி போனவுடன் கால் சரியாகிவிட்டது என்று தோன்றும். அப்போதுதான் கவனம் தேவை. தம்பிக்கு எத்தனை வாரம் என்பதை, தவிலின் எடையையும் சொல்லி, சிகிச்சை செய்கிறவரிடமே கேளுங்கள். தொடைத் தசைக்குப் பயிற்சி தருவார்கள். விடாமல் செய்தால் அளவு நாடா பழைய கணக்குக்கு வரும். எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.


குடமுருட்டிக்கரை எழுதியது (தை கடைசி வாரம்):

சிகிச்சை முடிந்து பன்னிரண்டு நாள். பரிசோதனை முடிவும் அதே பெயரைத்தான் சொல்கிறது, புற்றுநோய் இல்லை. இரண்டாம் நாளிலிருந்து இரவு மாத்திரை இல்லை.

மருத்துவர் தோளில் மாட்டுவதற்குச் சித்திரை வரை தடை போட்டிருக்கிறார். மாசி உற்சவத்தில் வீதி உலாவுக்கு மைத்துனர் மகன் வருகிறான். உட்கார்ந்து வாசிக்கிற நேரத்துக்கு மட்டும் இவன், நாற்காலியில். தவிலை முன்னால் ஒரு முக்காலியில் வைத்துக் கட்டிக்கொடுக்கத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். மேடையில் யாராவது கேட்டால் பதில் சொல்ல நான் பக்கத்தில் இருப்பேன்.